பை வைத்த பைஜாமா

தங்கத்தாய் ஆம்பளைகளுக்கென்று எதையும் தைத்ததில்லை. நாரணாபுரத்தில் அவள் வீட்டு முன்னறையில் கிடந்த மெஷினில் ஜாக்கெட் தைப்பாள், உள்பாவாடை தைப்பாள், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் யூனிபார்ம் தைப்பாள். அவ்வளவுதான் அவள் தொழில். அதனால், பட்டாசுக் கம்பெனி கிளார்க் பாலகுரு வாசலில் வண்டியை நிறுத்தி, "அக்கா, கம்பெனிக்கு இருபது பைஜாமா வேணும்" என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிட முதலில் வந்தது பயம்தான்.

"காட்டன் துணியாத்தான் இருக்கணும். நாடா வச்சுத் தைக்கணும். ஜிப்பு, கொக்கி, பட்டன் ஒன்னும் கூடாது. எல்லாம் ஆம்பளையாளுக்கு. அளவு இந்தச் சீட்டுல இருக்கு. பத்து நாள்ல முடிச்சிருவீகளா?"

"முடிச்சிருவேன்" என்றாள்.

வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான், பைஜாமா என்றால் என்ன என்று கேட்காமல் விட்டுவிட்டோமே என்று உறைத்தது. கூப்பிட்டுக் கேட்கவும் மனசில்லை. தெரியாது என்று சொன்னால் ஆர்டர் சிவகாசிக்குப் போய்விடும். அங்கே எத்தனை டெய்லர்கள் இருக்கிறார்கள். ஒரு கம்பெனி ஆர்டர் அவள் வாசல் தேடி வருவது இதுதான் முதல் தடவை.

சினிமாவில் சேட்டுகள் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறாள். தொளதொளவென்று இருக்கும். நாடா என்றால் பாவாடை நாடா மாதிரிதான், அது கைவந்த வேலை. கால் இரண்டையும் வெட்டுவதுதான் புதுசு. அன்றைக்குச் சாயங்காலம் மகள் பானுப்பிரியா வேலை முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னாள். பானுப்பிரியா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் இருந்தாள்.

"பைஜாமான்னா என்னம்மா, லூசா ஒரு பேண்ட்டு. அம்புட்டுதான்."

"அந்தப் பேரைப் பாரு. பை வச்சிருந்தாத்தானே பைஜாமா. பை இல்லாட்டி வெறும் ஜாமாதானே."

பானுப்பிரியாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் தங்கத்தாய் விருதுநகர் போனாள். பஜாரில் காடாத் துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு ரெடிமேட் கடை வாசலில் வெள்ளைப் பைஜாமா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம் ஒரு பை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. கடைக்காரன் துணியை மிச்சம் பிடிக்க ஒரு பையோடு நிறுத்தியிருக்கிறான், நாம் இரண்டு பக்கமும் வைப்போம், கை மணிக்கட்டுவரை போகிற மாதிரி ஆழமாக வைப்போம் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தாள்.

அந்தப் பத்து நாளும் அவள் நன்றாக இருந்தாள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கத்தாய் நன்றாக இருந்த நாட்கள் குறைவு. பதினாலு வயதில் பட்டாசு வேலைக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகும் போனாள். பானுப்பிரியாவைப் பெற்று மூன்றாம் மாசமே மறுபடி போனாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாசத்தில் ஒருநாள் அவள் உட்கார்ந்திருந்த ரூமுக்கு மூன்று ரூம் தள்ளி வெடித்தது. திரி வெட்டிக்கொண்டிருந்தவள், என்ன ஏது என்று தெரிவதற்குள் வெளியில் ஓடிக்கொண்டிருந்தாள். வேலிக் கருவைப் புதருக்குள் போய் விழுந்தவளைச் சாயங்காலம்தான் கண்டுபிடித்துத் தூக்கினார்கள். உடம்பில் முள் கீறியதைத் தவிர ஒரு காயமில்லை. அவளோடு தினமும் ஒரே வேனில் வந்த இருளம்மாள் அந்த மூன்றாவது ரூமில் இருந்தாள். அன்றைக்குக் காலையில் வேனில் இருளம்மாள் கொடுத்த கொய்யாக்காயைப் பாதி தின்றுவிட்டு, மீதியை மத்தியானத்துக்கு என்று மடியில் வைத்திருந்தாள் தங்கத்தாய். புதருக்குள் அந்தப் பாதிக் காயைக் கையில் பிடித்தபடியேதான் கிடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கம்பெனிப் பக்கமே போகவில்லை. தையல் பழகினாள். புருஷன் செல்லச்சாமி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் இருபது நாளைக்குத் திரும்ப மாட்டான். வீட்டில் மகளும் அவளும் மட்டும். தெருவில் பையன்கள் பிளாஸ்டிக் டப்பாவைப் போட்டு மிதித்தால்கூட மெஷினில் அவள் கால் நின்றுவிடும். தம்பி முனியராஜ் அதே மாதிரி ஒரு கம்பெனியில், ஆனைக்குட்டம் போகிற ரோட்டில், பெட்டி ரூமில் பட்டாசை அடுக்கி லேபிள் ஒட்டுகிற வேலையில் இருந்தான். பெட்டி ரூம் என்பதால்தான் அவள் ஓரளவு நிம்மதியாக இருந்தாள். பாலகுரு ஆர்டர் கொண்டுவந்ததும் அந்தக் கம்பெனிக்குத்தான். தம்பி வேலை பார்க்கிற இடம், நம் கையால் தைத்த துணி அங்கே போகட்டும் என்று ஒவ்வொரு தையலையும் இரண்டு ஓட்டு ஓட்டினாள்.

பத்தாம் நாள் பாலகுரு வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க தச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், முனியராஜ் வந்தான். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தவனைப் பார்த்துத் தங்கத்தாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் தைத்த பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேலே பழைய சட்டை. முகமெல்லாம் வெள்ளிப் பொடி.

"எக்கா, ஒன் கைவண்ணம் எப்படி இருக்குன்னு பாரு" என்று ஒருதரம் சுற்றிக் காட்டினான். "பை நல்லா ஆழமா வச்சிருக்க. எங்க ஆளுக எல்லாருக்கும் ஒம்மேல ரொம்பப் பிரியம்."

அப்போதுதான் அவள் அவன் முகத்தை மறுபடியும் பார்த்தாள். காது மடலிலும் புருவத்திலும் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. பெட்டி ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு அலுமினியப் பொடி ஒட்டாது. பசை ஒட்டும், தாள் துணுக்கு ஒட்டும். இந்தப் பொடி ஒட்டுகிற இடம் ஒன்றுதான்.

"ஏலே முனியா. நீ எந்த ரூம்ல இருக்க?"

அவன் தண்ணீர்க் குடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மருந்து ரூமுக்கா போற?"

"ரெண்டு மாசமாத்தான். கூலி கூட. சொன்னா நீ கத்துவன்னுதான் சொல்லல."

அவள் கத்தவில்லை. அவன் சும்மா இருக்க முடியாமல், பையில் கையை விட்டு பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்தான். அவன் கையோடு பையின் உள்துணியும் பாதி வெளியே வந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை அளவுக்குச் சாம்பல் பொடி சிமெண்ட் தரையில் கொட்டியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். முனியராஜ் சும்மா காலால் தேய்க்கப் போனான்.

"தேய்க்காத" என்றாள் தங்கத்தாய். ஈரத்துணியைக் கொண்டுவந்து அந்தப் பொடியைத் துடைத்து, துணியோடு வாளித் தண்ணீரில் போட்டாள். "தீப்பெட்டியவா உள்ள கொண்டு போற?"

"வெளிய வந்து குடிக்கத்தான். உள்ள வச்சா பத்த வைக்கப் போறேன்?"

"வாச்மேன் தடவிப் பாக்க மாட்டானா?"

"சட்டைப்பையத் தடவுவாரு. இடுப்புல மடியப் பாப்பாரு. இது கம்பெனி குடுத்த பைஜாமாதானக்கா, இதுல ஒன்னும் இருக்காதுன்னு விட்டுருவாரு. முந்தி டெர்லின் பேண்ட் போட்டுக்கிட்டுப் போனோம். ஆபீசருக வந்து பாத்துட்டு, அது உரசுனா பொறி வரும், ஆகாதுன்னுட்டாக. மருந்து கலக்குறவனும் குழாயில மருந்து செலுத்துறவனும் இனிமே இதத்தான் போடணும்னு இருபது பேருக்குக் குடுத்திருக்காக."

இருபது பேரும் மருந்தில் கை வைக்கிறவர்கள். பாலகுரு சொன்னதெல்லாம், ஆம்பளையாளுக்கு என்றுதான். எந்த ரூம் ஆட்கள் என்று அவள் கேட்கவே இல்லை. பதினாலு வயதிலிருந்து அவள் காதில் ஓதிய விஷயம் மடியில் மருந்து தங்கக் கூடாது என்பது. சாயங்காலம் வேன் ஏறும் முன்னால் பெண்கள் எல்லோரும் சேலை மடிப்பை உதறிவிட்டுத்தான் ஏறுவார்கள். ஒரு மணல் பரல் அந்தப் பொடியோடு சேர்ந்து உராய்ந்தாலே போதும். அது தெரிந்தவள்தான் இருபது பேருக்கு, ஆளுக்கு இரண்டு, நாற்பது பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். நடக்கும்போது தொடையோடு உரசுகிற இடத்தில்.

"கம்பெனியில பை வைக்கச் சொன்னாகளா, முனியா?"

"பைஜாமான்னா பை இருக்கத்தானக்கா செய்யும்."

"அத நாளைக்குப் போடாத."

"போடாட்டி உள்ள விட மாட்டாக." அவன் எழுந்துவிட்டான். "இதுக்குத்தான் ஒங்கிட்ட ஒன்னும் சொல்றதில்ல" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டாள். பாலகுரு விருதுநகர் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான் என்றார்கள். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஒரு சின்னப் பிடிமானம் இருந்தது. கம்பெனி கேட்டது பைஜாமா. பைஜாமா என்றாலே பை வைத்தது என்றால், கேட்டவர்கள் தெரிந்துதானே கேட்டிருப்பார்கள். அப்படியானால் தப்பு தன்மேல் இல்லை. போர்மேன் படித்தவர், பரீட்சை எழுதித்தான் அந்த வேலைக்கு வந்திருப்பார், அவருக்குத் தெரியாததா.

அன்றைக்கு முழுக்க மெஷினில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அரை ஜாக்கெட்கூட ஓடவில்லை. மெஷின் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று நாலு தையலுக்கு ஒருதரம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். மத்தியானம் எங்கோ கல்லுக்குழியில் வெடி வைத்தார்கள். அவள் தெருவுக்கு ஓடிவந்து ஆனைக்குட்டம் திக்கில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகாயம் வெளுத்துப்போய்க் கிடந்தது. வெயிலில் கால் சுட்ட பிறகுதான் செருப்புப் போடாமல் வந்தது தெரிந்தது.

காலையிலேயே அவள் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பிரஸ்ஸில் அந்த மாசம் பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த வார்த்தை இருந்தால் பார்த்துவிட்டு வா என்றாள். பானுப்பிரியா சாயங்காலம் ஒரு வேஸ்ட் தாளையே மடித்துக் கொண்டுவந்தாள். மை கொஞ்சம் இழுகியிருந்தது. பை, பைங்கிளி, பைசா என்று வரிசையாக வந்து, அதற்குக் கீழே இருந்தது. பானுப்பிரியா விளக்கடியில் வைத்து வாசித்தாள்.

"பைஜாமா. இடுப்பில் நாடாவால் கட்டும் தளர்ந்த உடை. பாரசீகச் சொல். பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை. இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது."

"கால்னா?"

"இந்தக் கால்தாம்மா." பானுப்பிரியா தன் காலைத் தட்டிக் காட்டினாள். "நாங்கூட நம்பாம புரூப் பாக்குற லட்சுமிகாந்தம் சார்ட்ட கேட்டேன். பரோட்டாக் கடையில ஆட்டுக்கால் பாயான்னு விக்கிறாகள்ல, அந்தப் பாயாவும் இதே காலுதானாம். நம்ம கால்சட்டைன்னு சொல்றோம்ல, அதத்தான் அவுக பைஜாமான்னு சொல்லியிருக்காக. நம்ம பைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

தங்கத்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி அவளும் ஒருதரம் வாசித்தாள். கால். உடை. அதில் பை எங்கேயும் இல்லை. கம்பெனி கேட்டது ஒரு கால்சட்டை, நாடா வைத்தது, வேறு ஒன்றும் வேண்டாம். பாலகுரு அதைத்தான் சொல்லியிருக்கிறான். பையை வைத்தது அவள். அவள் ஒருத்திதான்.

"விடிஞ்சதும் நான் கம்பெனிக்குப் போறேன்" என்றாள் மகளிடம்.

விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். மறுநாள் அது வந்தபோது தங்கத்தாய் அங்கே நின்றாள். எட்டு வருஷம் கழித்து ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் படியில் கால் வைத்தாள். உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "என்ன தங்கத்தாயி, திரும்ப வேலைக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். தூக்குச்சட்டி வாடை, எண்ணெய் வைத்த தலை வாடை, அதற்கு அடியில் துணியோடு ஊறிப்போன கந்தக வாடை. வழிநெடுக அவள் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. ரெண்டு தடவை, வண்டியை நிறுத்துங்க, இறங்கிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

முனியராஜ் வேனில் வருவதில்லை, சைக்கிளில் முன்னாடியே போய்விடுவான். வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடிக்க வேண்டும் என்பதால் கலவை ஆட்களுக்கு வேலை சீக்கிரம் தொடங்கிவிடும். பங்குனி கடைசி. அந்த நேரத்திலேயே காற்று சுட்டது.

கேட்டில் வாச்மேன் சுந்தரபாண்டி ஒவ்வொருத்தராகத் தடவி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போர்மேன் அய்யாதுரை, வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக, கையில் ஆள் கணக்கு நோட்டோடு நின்றார். தங்கத்தாய் வேலை பார்த்த காலத்தில் அவரும் அந்தப் பழைய கம்பெனியில் இருந்தவர். இருளம்மாளை வெளியே எடுத்துவந்த நாலு பேரில் ஒருவர்.

"தங்கத்தாயி, நீ என்ன இங்கன?"

"அண்ணாச்சி, நாந்தான் அந்தப் பைஜாமா தச்சேன்." வழியில் யோசித்துவைத்த ஒரு வார்த்தையும் இப்போது வரவில்லை. "அதுல பை வச்சுட்டேன். ரெண்டு பக்கமும். வைக்கணும்னு நெனச்சு வச்சுட்டேன். பையில மருந்து தங்குது. தீப்பெட்டி கொண்டு போறாக. நாங் கண்ணால பாத்தேன்."

அய்யாதுரை நோட்டை மூடினார். பிறகு கேட்டுக்குள் நின்ற ஆட்களைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே சட்டை தொங்கியதில், ஒரு வாரமாக அந்தப் பைகள் அவர் கண்ணில் படவே இல்லை.

"பைஜாமா போட்டவுக எல்லாரும் இப்படி வாங்க. சட்டையத் தூக்கிக்கிட்டு, பைய மெதுவா வெளிய இழுங்க. யாரும் உதறக் கூடாது."

வந்தார்கள். இழுத்தார்கள். பீடிக் கட்டுகள் வந்தன. மூன்று தீப்பெட்டி. சில்லறைக் காசு, சைக்கிள் சாவி, ஒருவனிடம் ஒரு இரும்பு நட்டு. அது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்கெல்லாம் அடியில், தையல் ஓரத்தில், கரைகட்டியது மாதிரி சாம்பல் பொடி. பெண்கள் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அய்யாதுரை எண்ணினார். "பத்தொம்பது. இன்னொருத்தன் எங்க?"

சுந்தரபாண்டிதான் சொன்னார். "முனியராஜ் உள்ள போயிட்டான், அண்ணாச்சி. மருந்து சலிக்கணும்னு அப்பவே போனான்."

தங்கத்தாயின் கால் தானாக ஓடப் பார்த்தது. அய்யாதுரை அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாத. சத்தம் போடாத. அவன் பதறுனான்னா கையில உள்ளதப் போட்டுருவான். எம் பின்னாடியே நடந்து வா. ஒன்னப் பாத்தா அவன் நான் சொல்றதக் கேப்பான்."

கேட்டிலிருந்து கலவை ரூமுக்கு இருநூறு அடி இருக்கும். மண் பாதை. இரண்டு பக்கமும் மணல் வாளிகள். தங்கத்தாய் ஒவ்வொரு அடியையும் தூக்கி வைத்தாள், தரையோடு இழுக்காமல், பழைய பழக்கம் கால்களுக்கு மறக்கவில்லை. இங்கேயும் வலது பக்கம் வேலிக் கருவைப் புதர் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்குள் போய்ப் படுத்துவிடுவோம் என்று தோன்றியது. முன்னால் போன அய்யாதுரையின் சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. அவர் வேகமாக நடக்கவுமில்லை, மெதுவாக நடக்கவுமில்லை. கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். நடுவில் ரப்பர் விரிப்பில் முனியராஜ் குத்தவைத்து உட்கார்ந்து சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிப் பொடி அவனைச் சுற்றிப் புகை மாதிரி நின்றது. குத்தவைத்ததில் வலது பக்கப் பை தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நசுங்கி, உள்ளேயிருந்த தீப்பெட்டியின் நாலு மூலையும் துணிக்கு மேலே தெரிந்தது. அவன் ஒவ்வொரு தரம் ஆடும்போதும் அது உரசியது.

வாசலுக்கு இரண்டடி இந்தப் பக்கம் அய்யாதுரை நின்றார்.

"முனியராஜ், அத அப்படியே கீழ வையி. மொதலாளி ஒன்னக் கூப்பிடுறாக."

அவன் சல்லடையை வைத்தான். நிமிர்ந்தவன் கண்ணில் அக்காள் பட்டாள். எட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி இருக்கிற ரோட்டில்கூட நடக்காதவள். அவன் முகம் மாறிப்போனது. என்ன விஷயமென்று அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவன் வலது கை, முழங்கைவரை மருந்து அப்பிய கை, பையைப் பார்த்துப் போனது.

"முனியா" என்றாள் தங்கத்தாய். சோறு வைத்துக் கூப்பிடுகிற குரலில்தான் கூப்பிட்டாள். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியாது. "கைய எடுத்துரு, ராசா. ரெண்டு கையையும் அக்காட்ட காட்டு."

அவன் கை பாதியில் நின்றது. பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"எந்திரி. மெதுவா. கால அகட்டி வச்சு வா" என்றார் அய்யாதுரை.

அவன் எழுந்தான். காலை அகட்டி, குழந்தை நடப்பது மாதிரி நடந்து வாசலைத் தாண்டினான். ரூமுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிவரை அப்படியே கூட்டிப்போனார்கள். கையைத் தண்ணீரில் முக்கச் சொல்லி, பிறகு நாடாவை அவிழ்க்கச் சொன்னார் அய்யாதுரை. முனியராஜ் அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த டவுசரோடு நின்றான். தங்கத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அந்தப் பைஜாமாவை இரண்டு விரலில் தூக்கி, தொட்டிக்குள் மெல்ல இறக்கினார். துணி உள்ளே போனது. சாம்பல் நிறத்தில் தண்ணீர் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டி மட்டும் மேலே வந்து மிதந்தது.

அதுவரை திடமாக நின்ற அய்யாதுரை தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. கொடுப்பதற்கு அங்கே அந்தத் தொட்டித் தண்ணீர்தான் இருந்தது.

அன்றைக்கு வேலை நிறுத்தப்பட்டது. இருபது பைஜாமாவையும் முங்க முங்கத் தண்ணீரில் ஊறவைத்து அலசினார்கள். ஆட்கள் துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கத்தாய் ரோட்டோரம் சாக்கை விரித்து, ஈரத்துணியை மடியில் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்து ஒவ்வொரு பையாக எடுத்தாள். பிரித்த இடத்தைக் கையாலேயே மூடித் தைத்தாள். நாற்பது பை. மத்தியானம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தையலிலும் பிளேடு படும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஈரம்தான், ஒன்றும் ஆகாது என்று அய்யாதுரை நாலு தடவை சொல்லியும் பிடித்துக்கொண்டாள்.

பாலகுரு வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "நான் பை வைக்கச் சொல்லலியேக்கா."

"நீங்க சொல்லல, தம்பி. நீங்க சரியாத்தான் சொன்னீக. எனக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல."

"எனக்கு மட்டும் என்ன தெரியும். மொதலாளி சொன்னாக, நான் சொன்னேன். வாங்குனப்பவாவது பிரிச்சுப் பாத்திருக்கணும்."

முனியராஜை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு பழையபடி பெட்டி ரூமில் போட்டார்கள். அவன் அக்காள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தெருவில் பார்த்தால் சைக்கிளை வேகமாக மிதித்தான். அத்தனை பேர் முன்னால் டவுசரோடு நிற்கவைத்துவிட்டாள் என்று யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. பெட்டி ரூமில் இருக்கிறான் என்பதே தங்கத்தாய்க்குப் போதுமாக இருந்தது.

ஆனி மாசக் கடைசியில் அவன் தானாக வந்தான். கூட அவன் பொண்டாட்டி இசைவாணி. சாப்பிட உட்கார்ந்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்தபடி சொன்னான்.

"எக்கா. அன்னைக்கு நான் கைய ஏன் பைக்குக் கொண்டு போனேன்னு தெரியுமா? போர்மேன் பாக்குறதுக்குள்ள தீப்பெட்டிய எடுத்து வெளிய வீசிருவோம்னு நெனச்சேன். மருந்துக் கையோட. அம்புட்டு பொடிக்கு நடுவுல. நீ கூப்பிடலன்னா எடுத்திருப்பேன்."

இசைவாணி எழுந்து வெளியே போய்விட்டாள். தங்கத்தாய் அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"சாப்பிடு" என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் அவன் வந்த காரியத்தைச் சொன்னான். ஆடியிலிருந்து சீசன் வேலை கூடுகிறது, மருந்து ரூமுக்கு ஆள் பத்தவில்லை, திரும்ப வருகிறாயா என்று கேட்கிறார்கள், சரியென்று சொல்லிவிட்டான். பெட்டி ரூம் கூலியில் வீடு ஓடவில்லை. இனிமேல் பீடி கிடையாது, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். அந்தப் பழைய பைஜாமாவைக் கம்பெனியில் கிழித்துப் போட்டுவிட்டார்கள். புதுசு ஒன்று வேண்டும்.

தங்கத்தாய்க்குப் போகாதே என்று சொல்ல வார்த்தை இருந்தது. சொல்லிப் பார்த்தாள். காலைப் பிடித்துக் கெஞ்சக்கூடச் செய்தாள். அவன் அசையாமல் நின்றான். கடைசியில் அவள் மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்து, மண்டியிட்டு, அவன் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்தாள். பை கிடையாது. கால் முனையில் மடிப்புக் கிடையாது. உள்தையல் ஓரத்தையெல்லாம் மடித்து மூடி, பொடி ஒதுங்க ஒரு நூல் இடம் இல்லாமல் தைத்தாள்.

கம்பெனி அந்த ஆர்டரை அவளிடமே வைத்துக்கொண்டது. இப்போது சீட்டில் "கால்சட்டை, பை இல்லாதது" என்று எழுதி வருகிறது. யார் எது கேட்டாலும், கேட்ட பேருக்கு என்ன அர்த்தம், எதற்குப் போடப்போகிறார்கள், எந்த இடத்தில் போடப்போகிறார்கள் என்று கேட்காமல் அவள் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. சில பேருக்கு அது எரிச்சல்தான்.

முனியராஜ் மருந்து ரூமில் இன்னும் இரண்டு சீசன் இருந்தான். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரத்து எட்டில் நோட்டுக்குக் கோடு போடுகிற பிரஸ் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த இரண்டு வருஷமும், மருந்து கலந்து முடிகிற பத்து மணிவரை தங்கத்தாய் மெஷினைத் தொட்டதில்லை. வாசல் பக்கம் உட்கார்ந்து கையால் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். பத்துக்கு மேல் தெருவில் யாராவது சைக்கிளில் வந்து, "கலவ முடிஞ்சிருச்சாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் எழுந்து அடுப்பில் உலை வைப்பாள்.